வாசலில் தொங்கவிட்ட நோய்

ஃப்ளெக்ஸைக் கிழித்த சிஸ்டர் என்று என்னைப் பற்றி உங்கள் காதில் விழுந்திருக்கும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் வாரமே கேன்டீனில் யாராவது சொல்லிவிடுகிறார்களாம். நான் கிழிக்கவில்லை. கயிற்றை வெட்டி இறக்கினேன், மடித்தேன், கையோடு எடுத்துக்கொண்டு போனேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. கிழித்திருந்தால் கோபத்தில் புத்தி கெட்டுச் செய்தாள் என்று சொல்லிவிடலாம். கோபம் இருந்தது, இன்றைக்கும் அடங்கவில்லை. ஆனால் கத்தரியைக் கையில் எடுத்தபோது நன்றாக யோசித்துத்தான் எடுத்தேன். நடந்தது என்ன என்பதை ஒரு தடவை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் கேன்டீனில் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும்.

நான் ஓய்வு பெறும் முன் திருவொற்றியூரில், நர்ஸாக நீங்கள் சேர்ந்திருக்கும் இதே தனியார் அறக்கட்டளை ஆஸ்பத்திரியில், டே-கேர் வார்டுக்கு இன்சார்ஜாக இருந்தேன். காலையில் வந்து படுத்து, மருந்தை ட்ரிப்ஸில் ஏற்றிக்கொண்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போகிற நோயாளிகளின் வார்டு அது. ஊசி குத்துவது, நரம்பு பிடிப்பது, சொட்டு எண்ணுவது எல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், அல்லது தெரிந்துகொள்வீர்கள். அதைச் சொல்ல வரவில்லை.

அந்த நோயாளிக்குத் தேசிங்கு என்று பெயர் வைத்துக்கொள்வோம். எண்ணூர்க் குப்பத்துக்காரர். காசிமேட்டில் விசைப்படகில் வேலை. எங்களிடம் அவர் முதலில் வந்தது காலில் சீழ் வைத்துக்கொண்டு. கெளுத்தி மீனின் முள் உள்ளங்காலில் ஏறி உள்ளேயே நின்றிருந்தது. ஏறியது அவருக்குத் தெரியவே தெரியாது. வீட்டுத் தரையில் ரத்தச் சுவடு போவதைப் பார்த்து அவர் மனைவி அஞ்சலைதான் காலைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள். கெளுத்தி முள் குத்தினால் வருஷக்கணக்காகக் கடலுக்குப் போகிறவனே அலறுவான். இந்த மனிதர் அதை மிதித்துக்கொண்டே பஸ் ஏறி வீட்டுக்கு வந்திருக்கிறார்.

சர்க்கரை நோய் என்றார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை இல்லை. சர்க்கரை இல்லையென்றால் சாராயம் என்று முடிவு கட்டினார்கள். ஏன் முடிவு கட்டினார்கள் என்று கேளுங்கள். ஆள் மீனவர். எண்ணூர். நடை தள்ளாடுகிறது. உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டி விழுகிறார். உடம்பு இளைத்துப் போயிருக்கிறது. அவரை ஊத வைத்துப் பார்க்கவில்லை, முகர்ந்து பார்க்கவில்லை, குடிப்பீர்களா என்றுகூடக் கேட்கவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் மட்டும் இல்லை, அதற்கு முன் அவர் போன எல்லா இடத்திலும் இதே கதை. காசிமேட்டு ஏலக்கூடத்தில் ஒரு நாள் எழுந்து நின்றவர் அப்படியே மீன் கூடைகள்மேல் சாய்ந்துவிட்டார். காலையிலேயே ஏத்திகினு வந்துட்டான் என்று சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். அதற்குப் பிறகு படகு முதலாளி அவரைத் தொழிலுக்கு அழைக்கவில்லை. வாழ்க்கையில் ஒரு சொட்டு வாயில் வைக்காத மனிதர் அவர்.

அதைக் கண்டுபிடித்தது எங்கள் நரம்பு டாக்டரம்மா. என் மகளைவிடச் சின்னவர். இத்தனை வருஷ சர்வீஸில் நான் யாரையாவது பார்த்துத் தொழில் கற்றுக்கொண்டேன் என்றால் அது இவரைப் பார்த்துத்தான். நோயாளியிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பார். தேசிங்கிடம் அவர் அப்பா எப்படிச் செத்தார் என்று கேட்டார். குடித்துச் செத்தார் என்றார் தேசிங்கு. அவர் குடித்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்று டாக்டரம்மா அடுத்த கேள்வி கேட்டார்.

தேசிங்கு சொன்னார். "எங்க நைனா குடிச்சி நான் பாத்ததே இல்லம்மா. ஊருதான் சொல்லிச்சி. நாங்களும் அப்டியே நம்பிகினோம்."

அந்த அப்பாவுக்கும் கால் மரத்துப்போனது, எழுந்தால் விழுந்தது, வயிறு சொல்பேச்சு கேட்காமல் போனது, உடம்பு உருகினது. எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பெற்ற மகனே அப்பனைக் குடிகாரன் என்று நம்பி அடக்கம் செய்திருக்கிறான். அன்றைக்கு அந்த அறையில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

ரத்தம் பரிசோதனைக்கு வெளியூருக்குப் போய், முடிவு வந்தது. நோய் பரம்பரையாக வருவது. நம் கல்லீரல் ஒரு புரதத்தைச் செய்கிறது. இவர்களுக்கு அது பிறவியிலேயே கோணலாக உருவாகி, நரம்புகளின்மேல் போய்ப் படிகிறது. படியப் படிய நரம்பு செத்துக்கொண்டே வரும். கால் போகும், கை போகும், வயிறு, இதயம் என்று போகும். இதற்கு ஒரு மருந்து இருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை ட்ரிப்ஸில் ஏற்ற வேண்டும். அந்தக் கோணல் புரதத்தைச் செய்யாதே என்று கல்லீரலுக்குச் சொல்லுகிற மருந்து. போன நரம்பைத் திருப்பித் தராது. இருப்பதைப் பெரும்பாலும் காப்பாற்றும். அதன் விலை தேசிங்கின் குடும்பம் கனவிலும் பார்க்காத விலை. ஒரு உதவித் திட்டத்தில் கிடைக்க டாக்டரம்மா மாதக்கணக்கில் அலைந்து ஏற்பாடு செய்தார்.

ஒரு விஷயம் பாக்கி இருந்தது. தேசிங்குக்கு ஒரே மகள். ரேவதி. வண்ணாரப்பேட்டையில் ஒரு பாய் வைத்திருக்கும் மொத்த ஜவுளிக் கடையில் பில் போடுகிற வேலை. காசிமேட்டில் சொந்தத்திலேயே மாப்பிள்ளை பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்த நோய் பிள்ளைக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதை டாக்டரம்மா சொன்னபோது அஞ்சலை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மகளிடம் நான் பேசட்டுமா என்று டாக்டரம்மா கேட்டார்.

"வேணாம்மா. எம்பொண்ணுக்கு நான்தான் சொல்லணும். என் வாயால சொல்லணும்" என்றார் தேசிங்கு. மறைக்க நினைத்துச் சொன்னதில்லை அது. முதல் மருந்து உடம்புக்கு ஒத்துக்கொண்டதும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளை உட்கார வைத்துச் சொல்லப்போவதாகவும், பிறகு டாக்டரம்மாவிடம் கூட்டி வரப்போவதாகவும் சொன்னார். மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன சொல்வது என்பதை அவள் முடிவு செய்யட்டும், அது அவள் உடம்பு என்றார். படித்தவர்கள் வீட்டில்கூட இவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை. அதுவரை விஷயம் வெளியே போகாது என்று டாக்டரம்மா வாக்குக் கொடுத்தார். நானும் தலையாட்டினேன். என்னைப் பொறுத்தவரை தலையாட்டினாலும் வாக்குதான்.

முதல் மருந்து ஏற்றுகிற நாள் வந்தது. காலையில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி நிமிர்ந்து பார்த்தேன். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ். நடுவில் தேசிங்கின் முகம். அடையாள அட்டைக்கு என்று சொல்லி வரவேற்பில் செல்போனில் எடுத்திருந்த படம். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பயந்துபோய் இருக்கிற முகம். அதைத் தலையளவுக்குப் பத்து மடங்கு பெரிதாக்கி வைத்திருந்தார்கள். "பரம்பரை பரம்பரையாய் எண்ணூர் மீனவக் குடும்பத்தை வாட்டிய கொடிய நரம்பு நோய்க்கு விடிவு" என்று கொட்டை எழுத்து. கீழே பெயர், குப்பத்தின் பெயர். மேலே ஓரத்தில் கை கூப்பிய ஒரு பெரிய மனிதர். அவர்தான் விழாவுக்கு விருந்தினர். ஆமாம், விழா. ஒரு மனிதனுக்கு ட்ரிப்ஸ் ஏற்றுவதற்கு விழா.

முந்தின நாள் சாயங்காலமே கட்டியிருக்கிறார்கள். அந்தச் சாலை எப்படிப்பட்ட சாலை என்று உங்களுக்குத் தெரியும். எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை வேலைக்குப் போகிற பாதி ஜனம் அதைத் தாண்டித்தான் போகும்.

வார்டுக்கு ஓடினேன். தேசிங்கும் அஞ்சலையும் எனக்கு முன்பே வந்திருந்தார்கள். அவர் கட்டிலில் படுக்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அஞ்சலை பையைத் தோளிலேயே மாட்டியிருந்தாள்.

"சிஸ்டரு, மருந்து வேணாம். நான் வூட்டுக்குப் போறேன். அத்த அவுத்துடச் சொல்லு, போதும்" என்றார்.

யோசித்துப் பாருங்கள். உயிர் பிழைக்கிற மருந்து பக்கத்து அறை ஃப்ரிட்ஜில் இருக்கிறது. அது அவருக்கு வேண்டாம். அந்த ஃப்ளெக்ஸ் இறங்கினால் போதும். ஒரு நோயாளியை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு நாம் ஆஸ்பத்திரி நடத்துகிறோம்.

நீங்கள் எழுந்து போனால் ஃப்ளெக்ஸும் இருக்கும், நோயும் இருக்கும், படுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நல்ல சட்டை போட்டுக்கொண்டு, பூங்கொத்து வந்துவிட்டதா என்று போனில் விசாரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். நோயாளி சேரும்போதே எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்றார். எதற்கு என்று தெரிந்து போட்டாரா என்று கேட்டேன். அவருக்கு எரிச்சல் வந்தது. நாலு பேருக்குத் தெரிந்தால்தான் உதவி செய்கிறவன் உதவி செய்வான், அடுத்த நோயாளிக்கு மருந்து நீங்களா வாங்கித் தருவீர்கள் என்றார். விழா முடிந்ததும் மத்தியானம் இறக்கிவிடலாம் என்றார். மத்தியானம் வரைக்கும் அந்தச் சாலையில் எத்தனை பஸ் போகும் என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். விளம்பரம் வேண்டுமென்றால் ஆஸ்பத்திரி கட்டடத்தைப் போடு. டாக்டரைப் போடு. உன் முகத்தைப் போடு. நோயாளியின் முகத்தை எதற்குப் போடுகிறாய்? அதுவும் இந்த மாதிரி நோயில் ஒரு முகத்தைப் போட்டால் அவர் மகள், அவர் அண்ணன் தம்பி, அவர்கள் பெற்ற பிள்ளைகள், எல்லார் முகத்தையும் போட்ட மாதிரி. அவர்களிடமும் கையெழுத்து வாங்கினாயா?

திரும்பி வந்து ட்ரெஸ்ஸிங் ட்ராலியில் இருந்த கத்தரியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். என் வேலை போயிடும் சிஸ்டர் என்றார். அது உண்மை, அதனால் அவரைத் தொந்தரவு செய்யவில்லை. அவர் உட்காருகிற நாற்காலியை மட்டும் வாங்கிக்கொண்டேன். அதன்மேல் ஏறி கயிறுகளை வெட்டினேன். யூனிஃபார்மோடு நாற்காலிமேல் நின்றதை டீக்கடைக்காரர் முதல் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

உடனே வார்டுக்குப் போய் தேசிங்குக்கு முன்மருந்துகளைக் கொடுத்தேன். இந்த மருந்தை ஏற்றுமுன் உடம்பு அதை எதிர்த்துச் சீறாமல் இருக்க சில ஊசிகளும் மாத்திரையும் கொடுத்து ஒரு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் பேரம் பேச முடியாது. அன்றைக்கு எல்லாரும் அதைத்தான் பேரம் பேசினார்கள். விருந்தினர் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். டாக்டரம்மா எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தார். போன் போட்டேன். காத்திருங்கள், நேரம் முடிந்ததும் மெதுவான வேகத்தில் ஆரம்பியுங்கள், பக்கத்து வார்டு டாக்டரைத் தயாராக இருக்கச் சொல்லியிருக்கிறேன், வந்துகொண்டே இருக்கிறேன் என்றார்.

மேனேஜர், விருந்தினர், இரண்டு போட்டோகிராபர், மாலையோடு நாலைந்து பேர், எல்லாரும் வார்டு வாசலில் வந்து நின்றார்கள். ரெண்டு சொட்டு மட்டும் விடுங்கள் சிஸ்டர், போட்டோ எடுத்ததும் நிறுத்திவிடலாம் என்றார் மேனேஜர். இந்த மருந்தைப் போட்டோவுக்கு ரெண்டு சொட்டு, நோயாளிக்கு மீதி என்று பிரித்து விட முடியாது சார் என்றேன். அவர் குரலைத் தாழ்த்தினார். அப்படியானால் வெறும் சலைனை மாட்டுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்றார்.

"அவருக்குத் தெரியும்" என்று தேசிங்கைக் காட்டினேன்.

எல்லாரும் அப்போதுதான் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார்கள். அதுவரை அவர் அங்கே இருப்பதே அவர்களுக்குத் தோன்றவில்லை. ஒரு போட்டோகிராபர் கேமராவைத் தூக்கினான். தேசிங்கு போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். வலைக்கு அடங்காத சுறாவை நேராகப் பார்த்த மனிதர், பட்டப்பகலில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் முகத்தை மூடிக்கொள்கிறார். நான் கதவைச் சாத்தினேன். யார் மூக்குக்கு முன்னால் சாத்தினேன் என்று பார்க்கவில்லை.

வெளியே என்ன செய்தார்கள் தெரியுமா? மருந்துப் பெட்டியாவது கொடுங்கள் என்று ஆள் அனுப்பினார்கள். மருந்தைக் குளிரிலிருந்து எடுத்து ஊர்வலம் விட முடியாது என்று சொல்லி, காலி அட்டைப் பெட்டியைக் கொடுத்தனுப்பினேன். அந்தக் காலிப் பெட்டியை விருந்தினர் மேனேஜர் கையில் கொடுப்பது போலவும், மேனேஜர் வாங்கிக்கொள்வது போலவும் வராந்தாவில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். இன்றைக்கும் ஆஸ்பத்திரி மாடிப்படியில் அந்தப் படம் மாட்டியிருக்கிறது. போய்ப் பாருங்கள். பெட்டியின் மூடி திறந்திருக்கும்.

நேரம் முடிந்து மருந்தை ஆரம்பித்தேன். லேசாக மங்கிய வெள்ளை நிறத்தில் குழாயில் இறங்கியது. தேசிங்கு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்தது, இனி அமைதி என்று நினைத்தேன். கதவு திறந்தது. ரேவதி நின்றாள்.

அவளோடு கடையில் வேலை செய்கிற ஒரு பெண் முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது ஃப்ளெக்ஸைப் போட்டோ எடுத்திருக்கிறாள். ரேவதி வேலைக்கு மின்சார ரயிலில் போகிறவள், அந்தச் சாலைப் பக்கம் வருவதில்லை. உங்க அப்பா மாதிரி இருக்குதே என்று காலையில் கடையில் காட்டியிருக்கிறாள். ரேவதி பாயிடம் சொல்லிவிட்டு அப்படியே மெட்ரோ பிடித்து வந்துவிட்டாள். நான் வெட்டி இறக்குவதற்கு முன்பே அந்த ஃப்ளெக்ஸ் வண்ணாரப்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இதை நீங்கள் மறக்கவே கூடாது. வெளியே விட்டதைத் திரும்ப உள்ளே இழுக்க எந்தக் கத்தரியாலும் முடியாது.

அவள் அழவில்லை. கட்டில் பக்கத்தில் வந்து நின்று போனை நீட்டினாள். அதிலிருந்த எழுத்தை விரலால் காட்டினாள். "பரம்பரைன்னா இன்னா நைனா? எனக்கும் வருமா?"

அஞ்சலை அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போகப் பார்த்தாள். அவள் நகரவில்லை. தேசிங்கால் எழுந்திருக்க முடியாது, கையில் மருந்து ஓடுகிறது. அவர் என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் நர்ஸாக இருக்கிறவளுக்கு ஏதாவது இதமாகச் சொல்லி மூடிவிடலாமா என்று நாக்கு துறுதுறுக்கும். அதெல்லாம் ஒன்றும் இல்லைம்மா, டாக்டர் வந்து சொல்வார் என்று சொல்லத் தோன்றும். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பதில் என்னுடையது இல்லை. ஒரு ஸ்டூலை இழுத்து ரேவதிக்குப் போட்டேன், அவ்வளவுதான்.

"வரலாம். வராமயும் போவலாம்" என்றார் தேசிங்கு. "நானே சொல்லணும்னுதான் இருந்தேன் கண்ணு. ஞாயித்துக்கெழமை சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள முந்திகினானுங்க."

பிறகு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். தாத்தா குடிகாரர் இல்லை என்பதைத்தான் முதலில் சொன்னார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் சிவந்தது. கழுத்தெல்லாம் சிவந்தது. முதுகு வலிக்கிறது என்றார், மூச்சை இழுத்து இழுத்து விட்டார். பாழாப்போறவனுங்க இப்படிச் செய்துவிட்டானுங்களே, துக்கம் தாங்காமல் நெஞ்சு அடைக்கிறதே என்று அஞ்சலை தலையில் அடித்துக்கொண்டாள்.

துக்கமாக இருக்கலாம். மருந்தாகவும் இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்கிற நேரம் அது இல்லை. துக்கத்தை என்னால் நிறுத்த முடியாது, மருந்தை நிறுத்த முடியும். அதனால் குழாயை மூடினேன். பக்கத்து வார்டு டாக்டர் ஓடி வந்தார். டாக்டரம்மா போனிலேயே சொல்லச் சொல்ல ஊசி போட்டோம். ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது, கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. சிவப்பு வடிந்தது. எதனால் என்று தெரியாதபோது உங்கள் கையில் எது நிறுத்த முடியுமோ அதை முதலில் நிறுத்துங்கள். காரணத்தை அப்புறம் தேடலாம்.

டாக்டரம்மா லாரிகளுக்கு நடுவில் காரை விட்டுவிட்டு நடந்தே வந்து சேர்ந்தார். செருப்பெல்லாம் புழுதி. மருந்துக்கு உடம்பு காட்டுகிற எதிர்ப்புதான், பயப்படும்படி இல்லை, இன்னும் மெதுவாக விட்டால் தாங்குவார் என்று பார்த்துச் சொன்னார். விடலாமா, இன்றைக்கு வேண்டாமா என்று தேசிங்கைக் கேட்டார். தேசிங்கு மகளைப் பார்த்தார். அவர் காலையில் வீட்டுக்குக் கிளம்பின மனநிலையிலேயே இருந்தார் என்று நினைக்கிறேன்.

"ஏத்துங்க டாக்டர். இவ்ளோ அசிங்கப்பட்டுட்டு மருந்தும் இல்லாம போவணுமா?" என்றாள் ரேவதி.

மிச்ச மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கி முடியும்வரை அவள் அங்கேயே உட்கார்ந்து டாக்டரம்மாவிடம் கேள்வி கேட்டாள். எப்போது வரும், எப்படித் தெரியும், சோதனை செய்தால் என்ன ஆகும், செய்யாவிட்டால் என்ன ஆகும். டாக்டரம்மா தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னார்.

மாப்பிள்ளை வீட்டுக்கு அன்று மத்தியானமே செய்தி போய்விட்டது. பெண் சோதனை செய்துகொண்டு வரட்டும், அப்புறம் பேசலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். என் உடம்பை உங்களுக்காகச் சோதிக்க மாட்டேன் என்று ரேவதி திருப்பிச் சொல்லி அனுப்பினாள். சம்பந்தம் அதோடு நின்றது. யார் பொறுப்பு? யாரும் இல்லை. ஃப்ளெக்ஸ் அடித்தவன் கூலிக்கு அடித்தான். கட்டினவன் கட்டச் சொன்னதால் கட்டினான். மேனேஜர் நல்லதுக்குச் செய்தார். ஆள் ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள், அந்தப் பெண்ணைத் தவிர.

இரண்டு நாள் கழித்து நிர்வாகத்துக்குத் திடீரென்று மனசாட்சி வந்தது. தேசிங்கு வீட்டுக்கு ஒரு பழக்கூடையோடு ஆட்கள் போனார்கள். கூடவே அதே போட்டோகிராபர். அஞ்சலை வாசலை மறித்து நின்றுகொண்டு, "பழத்த வெச்சிட்டுப் போ. படம் புடிச்சின்னா, மிசினு ஒன்கைல இருக்காது" என்றாளாம். இதைக் கேட்டபோதுதான் அந்த வாரத்தில் முதல் தடவையாக நான் சிரித்தேன். மன்னிப்பு என்ற ஒரு வார்த்தை மட்டும் அன்றைக்கும் வரவில்லை, இன்றைக்கு வரைக்கும் வரவில்லை.

என்னை விசாரித்தார்கள். ஆஸ்பத்திரிச் சொத்தைச் சேதப்படுத்தினேன், விருந்தினரை அவமானப்படுத்தினேன் என்று இரண்டு குற்றம். ஃப்ளெக்ஸைக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தேன். விரித்துப் பாருங்கள், கயிறு மட்டும்தான் போயிருக்கிறது என்றேன். யாரும் விரிக்கவில்லை. அந்த முகத்தைப் பார்க்க அங்கே ஒருவருக்கும் விருப்பம் இல்லை. டாக்டரம்மா எனக்காக எழுந்து பேசினார். இருந்தும் என்னை வார்டிலிருந்து எடுத்து, துணிகளைக் கிருமி போக வேகவைக்கிற பிரிவுக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். வருத்தமா என்று கேட்பீர்கள். நோயாளிகளை விட்டுப் பிரிந்தது வருத்தம். கத்தரி எடுத்ததில் வருத்தம் இல்லை.

தேசிங்குக்கு மருந்து தொடர்ந்தது. டாக்டரம்மா பார்த்துக்கொண்டார். காலில் உணர்ச்சி திரும்பவில்லை. ஆனால் விழுவது குறைந்தது, உடம்பு தேறியது, எல்லாவற்றுக்கும் மேலாக, நேரம் காலம் பார்க்காமல் போய்க்கொண்டிருந்த வயிறு அடங்கியது. வயிறு அடங்கினால் என்ன பெரிய விஷயம் என்று நினைக்காதீர்கள். எந்த நிமிஷம் என்ன ஆகுமோ என்று பயந்து பஸ் ஏறுவதையே விட்டுவிட்டிருந்த மனிதர் அவர். பஸ் ஏறிக் காசிமேட்டுக்குப் போனார். தன்னைப் பார்த்துச் சிரித்த ஏலக்கூடத்தில் போய் உட்கார்ந்து, எனக்கு இருப்பது நோய், எங்கள் நைனாவுக்கு இருந்ததும் நோய் என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னார். இந்தத் தடவை அவரே சொன்னார், அவருடைய வாயால் சொன்னார்.

அவருடைய சித்தப்பா மகன் ஒருவர் புதுவண்ணாரப்பேட்டையில் இருந்தார். அவரையும் ஊர் குடிகாரன் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. தேசிங்கு போய்க் கையைப் பிடித்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தார். அவருக்கும் அதே நோய். மேனேஜர் அடுத்த கூட்டத்தில் என்ன பேசினார் தெரியுமா? பார்த்தீர்களா, ஃப்ளெக்ஸ் வைத்ததால்தான் இன்னொரு உயிருக்கு வழி பிறந்தது என்றார். கைதட்டினார்கள். நான் அந்த மனிதரிடமே போய்க் கேட்டேன். ஃப்ளெக்ஸா, எந்த ஃப்ளெக்ஸ், அண்ணன் வந்து கூப்பிட்டாரு, வந்தேன் என்றார்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது இது. ஊசியில் தவறு செய்தால் பிடித்துவிடலாம், குழாயை மூடிவிடலாம். ஒருவருடைய நோயை அவருக்கு முன்னால் நீங்கள் முந்திக்கொண்டு ஊருக்குச் சொல்லிவிட்டால் அதற்கு மாற்று ஊசி இல்லை. கூட வேலை செய்கிறவர்களிடம், பஸ்ஸில் போனில், வீட்டில் சோறு சாப்பிடும்போது, இன்றைக்கு ஒரு கேஸ் வந்தது என்று ஆரம்பிக்கிறோமே, அங்கேதான் அந்த ஃப்ளெக்ஸ் தொடங்குகிறது.

இவ்வளவு சொல்லிவிட்டு நீ மட்டும் கதை சொல்லலாமா என்று உங்களில் யாராவது கேட்க வேண்டும். கேட்டால் சந்தோஷப்படுவேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். அது போதாது என்பதால், உங்களிடம் பேச அழைப்பு வந்ததும் எண்ணூருக்குப் போய்க் கேட்டேன். தாராளமாகச் சொல்லு சிஸ்டரு, எங்க நைனா கதைய விட்டுடாத என்றார் தேசிங்கு. பிறகு ரேவதியைக் கேட்டேன். ஃப்ளெக்ஸ் கதையைச் சொல்லுங்கள், கல்யாணம் நின்றதையும் சொல்லுங்கள் என்றாள்.

அவள் அப்புறம் சோதனை செய்துகொண்டாளா, செய்துகொண்டால் என்ன வந்தது என்று இப்போது உங்கள் எல்லாருக்கும் நாக்கு நுனியில் ஒரு கேள்வி நிற்கிறது. முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

"அதுக்கு மேல வேணாம் சிஸ்டர்" என்று சொல்லியிருக்கிறாள்.